பத்தாவது துண்டு

ஜெபக்கூடத்துக் கீழ்த்தளச் சமையலறையில் அடுப்புக்குள் தலையை விட்டிருந்தாள் ஹிண்டா. வாயில் டார்ச். வலது கையில் வாத்து இறகு. இறகால் அடுப்பின் பின்மூலையைத் துழாவினாள். இரண்டு நாளுக்கு முன் அவளே தேய்த்துக் கழுவிய அடுப்பு. பளபளவென்றிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு ரொட்டித் துணுக்குகூட இல்லை.

"உன் பழைய புருஷன் அங்க இல்லடி. கால்கரிலதான் இருக்கான்" என்றாள் கிராசியேலா. பியூனஸ் ஏர்ஸிலிருந்து வந்து வின்னிபெக்கில் பன்னிரண்டு குளிர்காலம் பார்த்தவள். பீட்ரூட் சீவிக்கொண்டிருந்ததில் முழங்கை வரை சிவப்பு.

ஹிண்டா தலையை வெளியே எடுத்து டார்ச்சைத் துப்பினாள். "மணி என்ன?"

"பத்து இருபது."

பன்னிரண்டு பதினேழுக்குள் நெருப்பில் போட்டாக வேண்டும். இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

மேசைமேல் ஒரு காகிதப் பை. உள்ளே மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டித் துண்டுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. ஹிண்டா அதைக் காலையிலிருந்து ஏழு முறை எண்ணிவிட்டாள். எட்டாம் முறையும் எண்ணினாள்.

ஒன்பது.

யூதர்களின் பாஸ்கா பண்டிகையில் புளித்த மாவு வீட்டிலேயே இருக்கக்கூடாது. அதற்கு முந்தைய இரவு வீட்டையும் ஜெபக்கூடத்தையும் மெழுகுவர்த்தி பிடித்துச் சல்லடை போட்டுத் தேடி, புளித்த மாவில் செய்த எதுவும் மிச்சமில்லை என்று பார்க்க வேண்டும். வாரக்கணக்காகக் கழுவித் துடைத்த இடத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்பதற்காக, முன்கூட்டியே ஒருவர் பத்துத் துண்டு ரொட்டியை ஒளித்து வைப்பார். மறுநாள் குறித்த நேரத்துக்குள் பத்தையும் கொளுத்திவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

இந்த ஜெபக்கூடத்தில் நாற்பத்தோரு வருடமாக ஒளித்து வைப்பவர் பெரல் வினோகுர். ஹிண்டாவின் அப்பா. கட்டிடத்தின் சாவிக்கொத்து, ஜெபப் புத்தகங்கள், பாய்லர், யாருக்கு எந்த நாற்காலி என்ற தகராறு, எல்லாம் அவர் பொறுப்பு. வயது எழுபத்தொன்பது.

"உங்கப்பா மறந்திருப்பார்" என்றாள் கிராசியேலா சாதாரணமாக.

"அந்த வார்த்தையைச் சொல்லாத."

"ஏன், என்ன சொல்லிட்டேன்?"

ஹிண்டா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்கண்ணன் மேலதான் இருக்கான். கோட்டுப் பையில ஒரு நீல உறை வச்சிருக்கான்."

அந்த நீல உறைக்குள் டொரன்டோவில் ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பம். பிப்ரவரியில் அப்பா ஜெபக்கூடத்துச் சாவியை இருமுறை தொலைத்தார். மார்ச்சில் ஒருநாள் காரை ஓடவிட்டபடியே வீட்டுக்குள் வந்து தூங்கிவிட்டார். ஹிண்டா இதை அண்ணனிடம் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டாள். ஆஷர் அன்றே இல்லத்தில் இடம் விசாரித்துவிட்டான். ஹிண்டா அழுதாள், சண்டை போட்டாள், கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு இழுத்து வந்தாள்.

"பாஸ்கா வேலை மொத்தத்தையும் அப்பா எப்பவும்போல செய்யட்டும். ஒரு தப்பு இல்லாம செஞ்சா உறையைத் திறக்க மாட்டேன். தப்பு வந்தா நீ கையெழுத்துப் போடணும். சரியா?" என்று கேட்டான் ஆஷர்.

"சரி" என்று சொல்லியிருந்தாள். அப்பா தப்பு செய்ய மாட்டார் என்ற தைரியத்தில்.

இப்போது மேசைமேல் ஒன்பது.

நேற்றிரவே ஒன்பதுதான் கிடைத்தது. தேடி முடித்தபோது அப்பா களைத்து வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஹிண்டா விட்டுவிட்டாள். காலை எட்டரைக்கு, மீனுக்குள் இரண்டு கையும் இருக்க, கேட்டாள். "அப்பா, பத்தாவது எங்க?"

அப்பா சிரித்தார். "ஓ, அதுவா! உன் கண்ணுல படாது. இரு, எடுத்துட்டு வரேன்" என்று பையனைப்போல் மாடிப்படி ஏறிப் போனார்.

பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தபோது கை காலி. முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"இல்ல ஹிண்டலே. விட்டுடு."

"இல்லன்னா? எங்க வச்சீங்க?"

அப்பா அவளை நேராகப் பார்க்கவில்லை. "தெரியல" என்றார். "ஞாபகம் இல்ல."

அவள் கையிலிருந்த மீன் தொட்டிக்குள் நழுவி விழுந்தது. ஏனென்றால் அப்பாவின் பின்னாலேயே படியில் ஆஷர் நின்றிருந்தான். கேட்டிருப்பான். ஒரு எழுத்து விடாமல் கேட்டிருப்பான்.

போதாக்குறைக்கு அப்பா திரும்பி, ஐம்பத்து மூன்று வயது மகனைப் பார்த்து, "ஆஷர், நீ போய் முகம் கழுவி, நல்லா வாய் கொப்பளிச்சிட்டு வா" என்றார்.

"அப்பா... நான் இன்னிக்குப் பட்டினி" என்றான் ஆஷர் மெல்ல, தாடியைத் தடவியபடி.

"தெரியும். போய்க் கொப்பளி."

பாஸ்காவுக்கு முந்தைய பகல், வீட்டின் தலைப்பிள்ளைகள் பட்டினி இருக்கும் நாள். பட்டினி நாளில் வாய் கொப்பளிக்கக்கூட மாட்டார்கள். இந்தச் சின்ன விதியை இந்த ஊரில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்ததே அப்பாதான்.

அதுவும் போய்விட்டதா?

பட்டினியைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. காலை ஜெபம் முடிந்ததும் ஜெபக்கூடத்துக் குருவான ரபி ஒரு சாத்திர நூலின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடிப்பார். அதைக் கூட உட்கார்ந்து கேட்டவர்கள், ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டு அன்று முழுக்கச் சாப்பிடலாம். ஆஷருக்கு அந்த யோகமும் இல்லை. நேற்று மாலை ஆறு மணிக்கு இறங்க வேண்டிய விமானம். பனிப்புயல். ராத்திரி முழுக்கத் தண்டர் பே விமான நிலையத்துப் பெஞ்சில் கிடந்து, காலை முதல் விமானத்தில் வின்னிபெக் வந்து, டாக்ஸி பிடித்து ஜெபக்கூடத்துக்குள் ஓடி வந்தபோது ரபி அப்போதுதான் புத்தகத்தை மூடியிருந்தார். இரண்டு நிமிடம்! இரண்டே நிமிடத்தில் தவறவிட்டான்.

"ஒரு கேக் எடுத்துக்கோப்பா, யாரு பாக்கப் போறாங்க?" என்று யாரோ நீட்டியதற்கு, "இல்ல, ரபி படிச்சதை நான் கேக்கல. நான் பட்டினிதான்" என்று நாற்பது பேர் காதில் விழ அவன் சொன்னதைக் கிராசியேலாதான் வந்து சொன்னாள். "உங்கண்ணன் பெரிய பக்திமான்டி. முகத்தைப் பாத்தா மெழுகுவர்த்தி ஏத்தி வைக்கலாம்போல இருக்கு."

படியில் காலடிச் சத்தம்.

ஆஷர்தான். கோட்டைக் கழற்றவில்லை. கை மார்புப் பையின்மேல். அங்கேதான் உறை.

"கிடைச்சுதா?"

"கிடைக்கும்" என்றாள் ஹிண்டா.

"ஹிண்டா, அந்தத் துண்டு விஷயமா... நான் ஒண்ணு..."

"எனக்குத் தெரியும் நீ என்ன சொல்லப் போறன்னு. மணி இன்னும் பத்தரைகூட ஆகல. பன்னண்டு பதினேழு வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கு முன்னால அந்த உறையை வெளிய எடுத்தா இந்தப் பீட்ரூட்டை உன் சட்டையில ஊத்துவேன்."

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"ஆஷர்!" உக்கிராண அறையிலிருந்து அப்பாவின் குரல். வெளியே வந்தார், கைநிறைய ஒயின் கோப்பைகளோடு. "வாயை மூடிட்டு மேல போய் நாற்காலியை இறக்கு. நூத்து நாப்பது பேர் நின்னுக்கிட்டா சாப்பிடுவாங்க?"

"அப்பா, நான் சொல்லிடறேனே."

"என்னத்தைச் சொல்லப் போற? நாற்காலி. போ."

ஆஷர் போனான். ஹிண்டா அப்பாவைப் பார்த்தாள். மனுஷர் கோப்பைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கவலை இல்லை. அந்தக் கவலையின்மைதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, யோசிச்சுப் பாருங்களேன். போன வருஷம் கரண்டி மாட்டற கம்பியில ஒண்ணு வச்சீங்க. பாய்லர் ரூம்ல ஒண்ணு..."

"விட்டுடுன்னு சொன்னேன்ல? அதனால ஒரு கெடுதலும் வராது."

"எப்படிச் சொல்றீங்க?"

"சொல்றேன், அவ்வளவுதான்."

கிராசியேலா ஹிண்டாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த நேரம் பார்த்தா மல்கா பெர்ல்ஸ்டீன் வர வேண்டும்?

அன்றிரவு ஜெபக்கூடத்தில் நடக்கும் பாஸ்கா விருந்துக்கான குழுவின் தலைவி. உள்ளே நுழைந்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் அடுப்புமேல் கொதித்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய சூப் பானைகளைப் பார்த்தார். பிறகு காகிதப் பையை. பிறகு ஹிண்டாவின் முகத்தை. அந்தப் பெண்மணிக்கு மோப்பம் அதிகம்.

"எத்தனை?"

பொய் சொல்ல ஹிண்டாவுக்கு வாய் வரவில்லை. "ஒன்பது."

"பத்தாவது?"

"தேடிட்டிருக்கோம்க்கா."

"இந்தப் பானையெல்லாம் நேத்து எங்க இருந்துச்சு?"

"அந்த அலமாரியில."

"பெரல் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா?"

சூப் மட்டும் களக் களக் என்றது.

"நூத்து நாப்பது பேரு" என்றார் மல்கா. "என் சம்பந்தி வீட்டுக்காரங்க மினியாபொலிஸ்ல இருந்து வந்திருக்காங்க. புளிப்பு ஒரு துணுக்கு உள்ள இருக்கலாம்னு தெரிஞ்சா ஒருத்தரும் ஸ்பூன் தொட மாட்டாங்க. ரபியைக் கூப்பிடு. இல்ல, நானே கூப்பிடறேன். ரபி கொட்டச் சொன்னா கொட்டிடணும்."

"கொட்டறதா? முப்பத்தாறு கோழிக்கா!" என்று அலறினாள் கிராசியேலா. "நான்தான் ஒவ்வொண்ணா மயிர் பொசுக்கினேன்!"

ரபி ஏலி ஷூல்மன் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டார். வயது முப்பத்தைந்து, நெற்றிக் கவலைக்கு மட்டும் அறுபது. மல்கா சொன்னதைக் கேட்டார். பானையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். கடைசியில் அப்பாவிடம் திரும்பினார்.

"பெரல் மாமா. ஞாபகப்படுத்திப் பாருங்க. பானைக்குள்ள வச்சீங்களா?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப எங்க வச்சீங்க?"

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "அது ஞாபகம் இல்ல."

மல்கா கையை விரித்தார். "பாத்தீங்களா? எங்க வச்சேன்னு தெரியாது, ஆனா பானையில வைக்கலன்னு மட்டும் நிச்சயமாத் தெரியுமாம்!"

வாசலில் ஆஷர், இரண்டு தோளிலும் நாற்காலிகளோடு நின்றிருந்தான். முகம் சுண்ணாம்பு. எல்லாம் கேட்டுவிட்டான். முடிந்தது, என்று நினைத்தாள் ஹிண்டா. அப்பாவின் புத்தகங்கள், அந்த ஓட்டை நாற்காலி, காலை ஐந்தரைக்கு மூக்கால் பாடிக்கொண்டே அவர் போடும் காபி, எல்லாம் டொரன்டோவுக்குப் போய்விடும். இல்லை, எதுவும் போகாது. அப்பா மட்டும் போவார்.

"ரபி" என்றான் ஆஷர் கரகரத்த குரலில். "ஒரு நிமிஷம்..."

"ரபி!" அப்பா முந்திக்கொண்டார். "ரெண்டு நிமிஷம் என்கூட வெளிய வாங்க. தனியா."

இருவரும் நடைக்குப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அப்பாவின் தொப்பி ஆடியது. ரபி குனிந்து காது கொடுத்தார். பேசியது அப்பா மட்டும்தான்.

மல்கா கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். ஆஷர் நாற்காலிகளை இறக்கி வைக்கவே மறந்து நின்றான்.

கதவு திறந்தது. ரபி தன் தாடியைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார். இருமுகிறாரா, அழுகிறாரா என்று ஹிண்டாவுக்குப் புரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"சூப் சுத்தம். தாராளமாப் பரிமாறலாம்."

"ரபி! அந்தத் துண்டு?" என்றார் மல்கா.

"அந்தத் துண்டு இப்ப இந்தக் கட்டிடத்துல ரொட்டியா இல்லம்மா."

"அப்படின்னா?"

"அப்படின்னா, நான் பொறுப்பு. முதல் கரண்டி சூப்பு ராத்திரி நான்தான் குடிப்பேன். என் பொண்டாட்டிக்கும் ஊத்துவேன். போதுமா?"

ரபி சொன்ன பிறகு மல்காவால் ஒன்றும் செய்ய முடியாது. "நல்லது" என்று மூக்கை உறிஞ்சினார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்று ஹிண்டாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சூப்பை அவர் ருசி பார்க்கவே இல்லை.

கிராசியேலா பீட்ரூட் கையோடு ஹிண்டாவைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தாறு கோழி தப்பித்தது. ஹிண்டாவுக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. ரபி ஏன் அப்படிச் சொன்னார்? வயசான மனுஷன், மறதி, பாவம் பார்த்து விட்டுவிட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு சுலபமாகப் பொறுப்பை ஏற்க மாட்டார்.

பன்னிரண்டு ஐந்து.

ஜெபக்கூடத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்தில், அழுக்குப் பனி மேட்டுக்கு நடுவே ஒரு இரும்புப் பீப்பாய். உள்ளே நெருப்பு. பத்துப் பதினைந்து பேர் தங்கள் வீட்டு மிச்சங்களைப் போட்டுவிட்டுக் கைகளைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி எரிந்த பேகல் ரொட்டி வாசம் மூக்கைத் துளைத்தது.

அப்பா காகிதப் பையைக் கவிழ்த்தார். ஒன்பதும் விழுந்தன. பிறகு தன் கோட்டுப் பையைத் துழாவி, கசங்கிய சின்னக் காகித உருண்டை ஒன்றை எடுத்து அதையும் உள்ளே எறிந்தார்.

"அது என்னப்பா?"

"குப்பை" என்றார்.

பிறகு வழக்கமான வாசகத்தைச் சொன்னார். என் வசம் இருக்கும் புளிப்பு எல்லாம், நான் கண்டதும் காணாததும், மண்ணின் தூசிபோல் ஒன்றுமில்லாமல் போகட்டும். ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

ஆஷர் பீப்பாய்க்கு அந்தப் பக்கம் நின்றான். கை மார்புப் பைக்குள் போனது. நீல உறை வெளியே வந்தது.

'இங்கேயா? எல்லார் முன்னாலயுமா?' ஹிண்டா இரண்டடி முன்னால் வைத்தாள். "ஆஷர், வீட்டுக்குப் போய்ப் பேசலாம். ப்ளீஸ். சொன்ன வாக்கை மீற மாட்டேன், கையெழுத்துப் போடறேன், ஆனா இங்க வேணாம்..."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தான். உறையை இரண்டாக மடித்தான். நாலாக மடித்தான்.

நெருப்பில் போட்டான்.

நீலம் பழுப்பாகி, சுருண்டு, தீப்பிடித்தது. ஹிண்டா வாய் பிளந்து நின்றாள்.

"என்னடா பண்ற?"

"புளிப்பை எரிக்கறேன்" என்றான் ஆஷர். கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம். "அப்பா எங்கயும் போக வேணாம். அவருக்கு ஒண்ணும் ஆகல, ஹிண்டா. நம்மளை விட நல்லா இருக்கார். இன்னும் ரெண்டு மேசை போடணும். நான் போறேன்."

போய்விட்டான். நிஜமாகவே மேசை போடப் போய்விட்டான்.

ஹிண்டா பனி மேட்டின்மேல் அப்படியே உட்கார்ந்தாள். ஈரம் பாவாடையில் ஏறியது. ஏறட்டும். இந்தக் குளிர்காலம் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி அந்தப் பீப்பாயில் போட்டதுபோல் இருந்தது. சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தால் இன்னும் வந்தது.

"எழுந்திரு, சளி பிடிக்கும்" என்று அப்பா கை நீட்டினார்.

"அப்பா, உங்களுக்கு ஞாபகம் இருக்கு. இல்ல?"

"எது?"

"பத்தாவது எங்க வச்சீங்கன்னு."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். "வா" என்றார்.

கட்டிடத்தின் முன்வாசலை ஒட்டிக் கோட்டு மாட்டும் அறை. அதன் சுவரில் காசு போட்டுப் பேசும் பழைய கறுப்பு டெலிபோன் ஒன்று இன்னும் தொங்குகிறது. உயிர் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. அப்பா தன் ஆட்காட்டி விரலை, மிச்சக் காசு விழும் சின்ன வாய்க்குள் விட்டு, தகட்டைத் தள்ளிக் காட்டினார். உள்ளே காலி.

"இதுலயா?"

"ஆஷர் சின்னப் பையனா இருந்தப்ப இந்த ஓட்டையில விரல் விடாம உள்ள வர மாட்டான். யாராவது காசை மறந்திருப்பாங்களான்னு பாப்பான். அதனால வருஷா வருஷம் பத்தாவதை அவனுக்காக இதுல வைப்பேன். அவன் வராத வருஷம் நானே எடுத்துப் பையில போட்டுடுவேன், உனக்கே தெரியாது. நேத்து ஆறு மணிக்கு வந்துடுவான், தேடறப்போ கூட இருப்பான்னு நெனச்சு வச்சேன். அவன் அந்த ரொட்டியைத் தின்னு மூணு வருஷம் ஆச்சே. அந்தச் சீமைச் சோம்பு போட்ட கறுப்பு ரொட்டி டொரன்டோல கிடைக்கறதில்லன்னு போன்ல புலம்புவான்."

"காலையில வந்து பாத்தப்ப?"

"காகிதம் மட்டும் இருந்துச்சு. கசக்கி உள்ளயே திணிச்சிருந்துச்சு."

ஹிண்டா டெலிபோனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "அப்புறம் ஏன் ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க? நான் செத்தே போயிட்டேன் தெரியுமா? இல்லத்துக்கு அனுப்பிடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். எனக்கு மறதின்னு நாலு பேரு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். நாளைக்கு அவங்களே மறந்துடுவாங்க." அப்பா கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். "எட்டரைக்கு நான் இங்க வந்தப்ப, இந்த வாசல்ல நின்னுக்கிட்டு ஒருத்தன் நாப்பது பேர்கிட்ட 'நான் பட்டினி, நான் பட்டினி'ன்னு சொல்லிட்டிருந்தான். அவன் தாடியில மூணு சோம்பு ஒட்டிட்டிருந்துச்சு."